ஊக்கை எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்தும் முன்

மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ரயில் பெட்டி மாதிரி நீளமான பழைய வீடு. வாசல் பக்கத்து ஹாலில் ரூட்டர். முற்றம் தாண்டி, கனத்த சுண்ணாம்புச் சுவர் இரண்டு தாண்டி, அடுக்களையை ஒட்டிய அறையில் மகள் லேப்டாப்பில் வேலை பார்க்கிறார். நடுவே நடையில், ரூட்டரின் வைஃபையை வாங்கி உள்ளறை வரை தள்ளிவிடும் ஒரு ரிப்பீட்டர். ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு அம்மாவிடமிருந்து போன். "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப நாலு கோடும் நிக்குது, நெட்டு மட்டும் வரமாட்டேங்குது."

நேத்து ராத்திரி வரைக்கும் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, ரூட்டர் அப்டேட் ஆனதா என்றுதான். இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொலைவிலிருந்தே புது ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரை உள்ளே இயக்கும் மென்பொருளை, ஏற்றிவிடுகின்றன. நமக்குத் தகவல் வருவதில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் அந்த அம்மா ஒரு காரியம் செய்துவிட்டார். ரிப்பீட்டர் வேலைக்கு ஆகவில்லை என்று, தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ரூட்டரின் ரீசெட் ஓட்டையில் அழுத்திப் பிடித்திருக்கிறார். அதுவரை முன் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுபோனது. ரீசெட் செய்தால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் போவதில்லை. அந்த வீட்டு இணைப்பில் நிறுவனம் ஏற்றிவைத்த யூசர்நேமும் சேர்ந்தே போய்விட்டது. கஸ்டமர் கேரில் வரிசையில் நின்று அதைத் திரும்ப வாங்குவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அசல் கோளாறைச் சரிசெய்ய எனக்கு ஆனது பத்தே நிமிடம்.

போனில் தெரியும் அந்த நாலு கோடு உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான பலத்தைத்தான் காட்டும். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் இடையே அறுந்துபோயிருந்தாலும் கோடு அப்படியே நிற்கும். அதனால் முதலில் ரூட்டர் பக்கத்தில் போய் நின்று, ரூட்டரின் வைஃபையிலேயே போனை இணைத்துப் பாருங்கள். அங்கிட்டு நெட் வந்தால் ரூட்டரைத் தொடாதீர்கள்.

அன்றைக்குக் கோளாறு இதுதான்: பாஸ்வேர்டைச் சரிபார்த்து உள்ளே விடும் வைஃபை பாதுகாப்பு முறையை, புது ஃபர்ம்வேர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றியிருந்தது. டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல். அந்த வீட்டு ரிப்பீட்டர் அதற்கு முந்தையது. அதற்கு 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் ரூட்டர் உள்ளே விடாது. பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினேன். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே எழுத்து பிசகாமல் போட்டேன். ரிப்பீட்டரின் சிவப்பு விளக்கு நீலமானது. சில பழைய ரிப்பீட்டர்கள் கலப்பு முறைக்கும் மசியாது. அப்போது செட்டிங்ஸில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (ஏஇஎஸ் என்பது தகவலைப் பூட்டும் முறை) மட்டும் போதும். அதற்கும் கீழே இறங்காதீர்கள். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைத்துவிட்டு "இப்ப வருது சார்" என்று சந்தோஷப்பட்டவரையும் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்கும்தான் வந்தது.

டபிள்யூபிஏ3 மட்டும் இருக்கும்போது பாஸ்வேர்டு போடாமலே இரண்டு கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானும் வேலை செய்யாது. ரூட்டர், ரிப்பீட்டர் இரண்டின் பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்திவிட்டு ரிப்பீட்டர் செத்துவிட்டது என்று புதிது வாங்கியவர்கள் திருநகரில் மட்டும் மூன்று பேர்.

அப்புறம் சேனல், அதாவது வைஃபை ஓடும் தடம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 சேனல் வரை அனுமதி உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்த ரிப்பீட்டர்களுக்கோ 11-க்கு மேல் கண்ணே தெரியாது. அப்டேட்டுக்குப் பின் ரூட்டர் தானாக 12 அல்லது 13-க்குத் தாவினால், ரிப்பீட்டர் தேடும் பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே இருக்காது. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலையாக வைத்தால் தீர்ந்தது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிடும் அப்டேட்டுகளும் உண்டு. 2.4 மட்டும் தெரிந்த ஒற்றை பேண்ட் ரிப்பீட்டர் தடுமாறினால் பெயரைப் பிரித்துவிடுங்கள்.

லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கான எண்) வந்தால் ரூட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை, அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். இத்தனையும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால்தான் ஊக்கு. அதுவும் ரிப்பீட்டரின் ஓட்டையில். ரீசெட் ஆனதும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே வைத்துப் புதிதாக இணையுங்கள், பிறகு அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்று கேட்கிறார்கள். 2017-ல் டபிள்யூபிஏ2-விலேயே கிராக் என்ற ஓட்டை வெளிவந்தபோது அதை அடைத்தது இந்த மாதிரி அப்டேட்டுகள்தான். நிறுத்த நான் சொல்ல மாட்டேன். ரிப்பீட்டருக்கும் புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பெரும்பாலும் யாரும் தொலைவிலிருந்து ஏற்றித் தருவதில்லை.

கிளம்பும் முன் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை, சேனல், இணைப்பு யூசர்நேம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை பீரோ கதவின் உள்பக்கம், பால் கணக்குச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.