வெள்ளம் புகுந்த வீட்டுக்கு 1,000 ரிங்கிட்: யார் பெயரில், எப்படிப் பதிவது?

ஜொகூரின் லாபிஸ், சாஆ, பெக்கோக் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட் மாவட்டம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஆற்றோரத்து லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), சரிவில் கட்டிய வீடுகளின் கீழ்த்தளத்திலும்தான் தண்ணீர் முதலில் ஏறும். நெல்லும் அரிசியும் போனால் போகட்டும் என்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறும் குடும்பங்கள், அதற்குப் பிறகு கிடைக்க வேண்டிய உதவியையும் கோட்டை விடுவதுதான் மனத்தை வருத்துகிறது.

அந்த உதவியின் பெயர் பந்துவான் வாங் இஹ்சான். தேசியப் பேரிடர் உதவி அறவாரிய நிதியிலிருந்து, தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா வழியாக வரும் பணம் இது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்பு வெறும் 500 ரிங்கிட்டாக இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கில்லை. குடும்பத்தலைவர் ஒருவர் பெயரில் ஒரு தொகை. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் அதே 1,000தான். வெள்ளத்தில் உயிர் போனால் வாரிசுகளுக்குத் தனியாக 10,000 ரிங்கிட் உண்டு.

பணம் நட்மாவிலிருந்து வந்தாலும் பட்டியல் தயாராவது மாவட்டத்தில்தான். மாவட்ட அதிகாரி தலைமையில் பேரிடர் நிர்வாகக் குழு இருக்கும். சமூக நல இலாகா தற்காலிக நிவாரண மையங்களைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் மண்டபத்துக்கோ பள்ளிக்கோ போய்ச் சேர்ந்ததும் வாசலில் மேசை போட்டு ஐசியை (அடையாள அட்டையை) கேட்பார்களே, அங்கே எழுதப்படும் பெயர்தான் பிற்பாடு பணத்துக்கும் அடிப்படை. குழந்தை அழுகிறது, துணி நனைந்திருக்கிறது, முதலில் பாய் பிடிப்போம் என்று அந்த மேசையைத் தாண்டிப் போகாதீர்கள். குடும்பத்தலைவர் பெயர், ஐசி எண், வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறி எழுதப்படுவதும், ஓர் எழுத்து விடுபடுவதும் சர்வ சாதாரணம். வங்கிக் கணக்கில் பணம் போடும்போது அந்த ஓர் எழுத்துதான் இழுத்தடிக்கும்.

நம்மில் பலர் நிவாரண மையத்துக்குப் போவதே இல்லை. மேட்டில் இருக்கும் அக்கா வீடு, மாமா வீடு என்று போய்விடுகிறோம். போவதில் தப்பில்லை. ஆனால் பெயர் எங்கும் பதிவாகாமல் இருந்தால், உங்கள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? போன கையோடு கம்பத்துத் தலைவரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ சொல்லிப் பதியச் சொல்லுங்கள். தோட்டத்துக்குள் இருப்பவர்கள் மானேஜரிடமோ கிராணியிடமோ (தோட்ட எழுத்தரிடமோ), இன்ன லயத்தில் இன்ன எண் வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முகவரிச் சிக்கல் இதைவிடப் பெரியது. தோட்டம் துண்டாடப்பட்டு, டவுனுக்கு அருகில் வாடகைக்கு வந்து வருடக்கணக்கில் ஆகியும், ஐசியில் இன்னும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கும். அங்கே வெள்ளமும் இல்லை, சில இடங்களில் லயமும் இல்லை. சட்டப்படி வீடு மாறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். அடைமழைக் காலம் வருமுன் செய்து முடிக்க வேண்டிய வேலை இது. மாற்றாமல் வெள்ளம் வந்துவிட்டால் மின்கட்டண ரசீது, தண்ணீர் ரசீது, வாடகை ஒப்பந்தம் என்று அந்த வீட்டில் குடியிருப்பதைக் காட்டும் எதையாவது எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே வீட்டில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி அடுப்பு வைத்து இருந்தால், அதையும் பதியும்போதே சொல்லிவிடுங்கள். முடிவு மாவட்ட அலுவலகத்துடையது. ஆனால் பட்டியல் மூடிய பிறகு சொல்வதில் பயன் இல்லை.

அத்தாட்சிக்குப் படம் பிடியுங்கள். தண்ணீர் வடிந்ததும் சுவரில் பழுப்பாக ஒரு கோடு நிற்கும். கழுவித் துடைக்கும் முன், அளவு நாடாவைத் தரையிலிருந்து அந்தக் கோடு வரை பிடித்து ஒரு படம், வீட்டு எண் தெரிய வாசலில் ஒரு படம், கெட்டுப்போன குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒரு படம். சுத்தம் செய்ய வேண்டும் என்ற துடிப்பில் எல்லாவற்றையும் ரோட்டோரம் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு தவிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

கீழ்த்தளத்தில் இறங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மெயின் சுவிட்ச் தண்ணீருக்குள் இருந்தாலோ, அதை அணைக்கத் தண்ணீரில் நின்றாக வேண்டும் என்றாலோ தொடவே வேண்டாம். மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்பை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகை மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வெள்ளத் தண்ணீரோடு வருவது, ஆகவே பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் கால் வைக்க வேண்டாம். கழுவிய சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் கிளினிக்கில் வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

1,000 ரிங்கிட்டில் வீட்டைச் சரிசெய்ய முடியாது, அது கைச்செலவுக்குத்தான். பெரிய வெள்ளங்களின்போது வேறு உதவிகளும் அறிவிக்கப்படும். 2021 வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசு வீடு பழுதுபார்க்கவும் சாமான் வாங்கவும் தனி உதவி அறிவித்தது. சிலாங்கூர் மாநிலம் தன் பங்குக்குக் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் வருவது இல்லை, அந்தந்த நேரத்தில் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்து கிழிந்த ஐசி, பிறப்புப் பத்திரத்துக்குப் பதிவு இலாகா கட்டண விலக்கு கொடுப்பது வழக்கம்.

தோட்டத்து வீடு என்றால் நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 446ஆவது சட்டம் 1990இல் வந்தது. வடிகால் அடைபட்டு ஆண்டுதோறும் லயத்துக்குள் தண்ணீர் வருகிறது என்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வாய்ச்சொல்லாகக் கிராணியிடம் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது.

சொந்த வீட்டுக்காரர்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். வெறும் தீ காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும். காருக்கும் அப்படித்தான், முழுக் காப்புறுதி என்றாலும் வெள்ளத்துக்கு ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ தனியாக வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை ரோட்டெக்ஸ் புதுப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உதவிப் பணத்துக்கு என்று சொல்லி வாட்சாப்பில் லிங்க் வந்தால் வங்கி விவரத்தையோ தெக் எண்ணையோ (வங்கி அனுப்பும் ரகசிய எண்) கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997ஐயும் அழையுங்கள்.