'ரன்': ஓடு, ஓட்டு, நடத்து, நில்

வீட்டுக்குப் புதிதாக வாஷிங் மெஷின் வந்த அன்று, கூடவே வந்த தமிழ்க் கையேட்டை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டார். "முதலில் காலியான இயந்திரத்தை ஒருமுறை ஓடவும்" என்று அச்சாகியிருந்தது. "இயந்திரத்தை எப்படிப்பா ஓடுறது?" என்று என்னைக் கேட்டார்.

விடுபட்டது ஒரே ஒரு 'ட்'. ஆனால் அது வெறும் அச்சுப்பிழை அல்ல. ஆங்கில 'ரன்' என்ற வினையைத் தமிழில் எடுக்கும்போது பலர் தடுக்கி விழுகிற இடமே இதுதான். ஆங்கிலத்தில் பஸ் தானாக ஓடினாலும் 'ரன்', முதலாளி பஸ் விட்டாலும் 'ரன்'. தமிழ் அப்படி விடாது. தான் செய்தால் ஓடு, பிறிதொன்றைச் செய்ய வைத்தால் ஓட்டு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு, ஓடு–ஓட்டு. மொழிபெயர்க்க உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஓடுவது யார், ஓட்டுவது யார் என்பதே.

இந்தச் சொல்லின் பரப்பு சாதாரணமானதல்ல. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்கு இருந்தது, 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் அந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின. ஆலை, இயந்திரம், கணினி என்று வர வர எல்லாமே 'ஓட'த் தொடங்கியதுதான் இந்தப் பெருக்கத்துக்குப் பெரிய காரணம்.

பழைய ஆங்கிலத்தில் இது 'ரின்னன்' என்றும் 'இர்னன்' என்றும் இரு வடிவங்களில் வழங்கியது. எழுத்து இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். நம் தசை–சதை போல. இலக்கணப்போலி என்று நாம் பெயர் வைத்திருப்பது அங்கேயும் நடந்திருக்கிறது. இதன் ஜெர்மன் உறவுச்சொல்லான 'ரின்னன்' இன்றும் நீர் வழிவதையே குறிக்கிறது. ஆங்கிலத்திலும் சிற்றோடைக்கு 'ரன்' என்று ஒரு பெயர் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-இல் நடந்த 'புல் ரன்' சண்டைக்கு அந்தப் பெயர் வந்தது வர்ஜீனியாவில் உள்ள ஓர் ஓடையால். அங்கே ஓடுவது 'ரன்', இங்கே ஓடுவது ஓடை. எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் நீரைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

அதனால்தான் 'ரன்'னின் பாதிப் பொருளை நம் 'ஓடு' தானாகவே சுமந்துகொள்கிறது. கடிகாரம் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது. பழைய வண்டி வாங்கப் போனால் "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதே முதல் கேள்வி. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி ஓடியது. இதெல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து வந்த வழக்கு என்று யாராவது சொன்னால் குறளைக் காட்டலாம்: "கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து." தேரும் ஓடுகிறது, கப்பலும் ஓடுகிறது. "பொழப்பு எப்படி ஓடுது?" என்று கேட்டால் "ஏதோ ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்கிறோமே, அந்த ஒரு கேள்வி பதிலுக்குள் தன்வினையும் பிறவினையும் பிசகாமல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

மீதிப் பாதியில்தான் கவனம் வேண்டும். ஆங்கிலேயர் கடையை ஓட வைக்கிறார்கள்; நாம் நடக்க வைக்கிறோம். கடை நடத்துகிறார், பள்ளிக்கூடம் நடத்துகிறார், குடும்பம் நடத்துகிறார். 'நட'வின் பிறவினை 'நடத்து'. டவுன் பஸ்ஸில் இரண்டும் அருகருகே எழுதியிருக்கும்: ஓட்டுநர், நடத்துநர். ஒருவர் வண்டியை ஓட வைக்கிறார், மற்றவர் பயணத்தை நடக்க வைக்கிறார். இவ்வளவு துல்லியமான பிரிவு கையில் இருக்கும்போது "நிறுவனத்தை ஓட்டுகிறார்" என்று எழுதுவது மனதை உறுத்துகிறது.

தேர்தலில் அமெரிக்கர் 'ஓடுகிறார்', பிரிட்டிஷ்காரர் 'நிற்கிறார்'. நம் ஊரிலும் நிற்பதுதான், "இந்தத் தடவை யார் நிக்கிறாங்க?" மூக்கு ஓடாது, ஒழுகும். சாயம் போகும். காய்ச்சல் அடிக்கும். அரிசி தீர்ந்துபோகும். ஒரு குணம் பரம்பரையாக வரும். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் 'ரன்' என்பதற்காக நாமும் ஓட வேண்டியதில்லை. கணினி நிரலுக்கு 'இயக்கு' நிலைத்துவிட்டது, நல்ல சொல். கிரிக்கெட்டில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'ரன்' என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அது 'ஓட்டம்'. எனக்கு இலங்கை வழக்கே பிடிக்கும். இரண்டு விக்கெட்டுக்கு நடுவே ஓடித்தானே அதை எடுக்கிறார்கள்!

பெயர்ச்சொல்லாக 'ஓட்டம்' இன்னும் வளமானது. நீரோட்டம், மின்னோட்டம், இரத்த ஓட்டம், கண்ணோட்டம். இவற்றில் எனக்கு நெருக்கமானது வெள்ளோட்டம். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தாலோ பழையதைப் புதுப்பித்தாலோ, சாமியை ஏற்றாமல் தேரை மட்டும் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் அச்சில் சரியாகச் சுற்றுகிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை போட்டால் சொன்னபடி திரும்புகிறதா, வடம் தாங்குகிறதா என்று ஆசாரி கூடவே பார்த்துக்கொண்டு வருவார். எல்லாம் சரி என்றால்தான் சாமி ஏறும். மெட்ரோ ரயிலுக்கு இன்று 'சோதனை ஓட்டம்' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் அதற்கான சொல்லைத் தேர் வீதியிலேயே வைத்திருக்கிறோம்.

அன்று அம்மாவிடம், "துணி போடாம ஒரு தடவை ஓட்டிப் பாக்கணுமாம்மா" என்றேன். "வெள்ளோட்டமா? அப்படிப் போட்டிருக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறக்கப் போனார்.