கண்ணாடியில் வைத்த பூவரசம்பூ: ஸ்கேனரில் படம் செய்ய வருபவர்களுக்கு

“ஸ்கேனரில் படம் செய்கிறேன்” என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் வரும் கேள்வி, “எந்த ஆஸ்பத்திரியில தம்பி?” அடுத்தது, “பழைய புத்தகம் ஏத்துற வேலையோ?” ஈழத்துப் புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் நூலகம் திட்டம் 2005 முதல் செய்துவரும் பணியால் அந்த எண்ணம் ஊரில் நன்றாகப் பதிந்துவிட்டது. நான் செய்வது இரண்டும் இல்லை. பூ, இலை, மீன் முள், கிழிந்த சேலைக்கரை என்று அகப்பட்டதைக் கண்ணாடித் தட்டில் வைத்து, கமரா இல்லாமல் படமாக்குகிறேன். சீவியம் இதில்தான் போகிறது. அண்மைக் காலமாகப் பழக வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கைத்திறனில் குறை இல்லை. ஸ்கேனர் வாங்கும் அன்றைக்கும் கோப்பைக் கொடுக்கும் அன்றைக்கும்தான் ஏமாறுகிறார்கள். நானும் இரண்டிலும் ஏமாந்தவன்.

தொழில் பழகியது ஓர் அச்சகத்தில், கல்வெட்டு வேலையில். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கில் அடித்துக் கொடுக்கும் நினைவு மலரை எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம் என்று பெரும்பாலும் அடையாள அட்டைதான் வரும். 1995 இடப்பெயர்வோடு அல்பம் போன வீடுகளில் அதுவும் இராது. ஒருமுறை ஒரு அக்கா வேறொருவருடைய கல்வெட்டில் வெட்டியெடுத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். குழுப்படம். பின்வரிசையில் அவருடைய தகப்பன். அச்சுப் படம் புள்ளிகளால் ஆனது. ஸ்கேனரும் புள்ளி புள்ளியாகவே பார்க்கும். இரண்டும் மோதி முகம் முழுக்க நுளம்பு வலை போட்டதுபோல் கோடு. ஸ்கேனர் மென்பொருளில் டீஸ்கிரீன் என்று, அச்சுப் புள்ளிகளைக் கலைத்து மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, தேவைக்கு மேலான அளவில் எடுத்து, பிறகு சிறிதாக்கினேன். மூன்றாம் தரம் முகம் வந்தது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “மூக்கு அப்பான்ர தான்” என்றார். ஸ்கேனரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மேசையில் கற்றதுதான்.

மீதிப் பாதி ஒரு பின்னேரம் வந்தது. வேலியில் பறித்த பூவரசம்பூவைத் தட்டில் வைத்தேன். மூடியைச் சாத்தவில்லை, அறை லைட்டையும் அணைத்துவிட்டேன். ஸ்கேனரின் வெளிச்சம் சில அங்குலம்தான் எட்டும். அதற்கு அப்பால் எதுவும் திரும்பி வராததால் பின்னணி கரிக்கறுப்பாக விழும். திரையில் வந்தது நான் தினமும் தாண்டிப் போகிற பூ மாதிரியே இல்லை. இதழடியில் அரக்கு நிறப் பொட்டு, மணி மணியாக மகரந்தம். கூடவே ஓர் எறும்பு. கமரா ஒரு நொடிக்குள் எடுத்துவிடும். ஸ்கேனர் வரி வரியாக ஊர்ந்து, 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியில், சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் எறும்பு நடந்திருக்கிறது. உடல் இழுபட்டு, கால்கள் பெருகி, ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு புது விலங்கு. எறும்பை நான் அழிக்கவில்லை. பூவரசம்பூ காலையில் மஞ்சள், பொழுதுபடச் செம்மை. ஒரே பூவை விடியலிலிருந்து இருட்டும்வரை ஒன்பது தரம் எடுத்ததுதான் என் முதல் வரிசை.

இது நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. 1957இல் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியியலாளர் அமெரிக்காவில் முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றிய படம், அவருடைய மூன்று மாத மகனுடையது. நீளம் அகலம் இரண்டும் 176 புள்ளி. கலைஞர் சோனியா ஷெரிடன் 1970இல் சிக்காகோவில் போட்டோக்கொப்பி இயந்திரங்களைக் கலைக் கருவியாக்கிப் பாடமே நடத்தினார். ஜோசப் ஷீர் என்ற கலைஞர் அந்துப்பூச்சிகளை ஸ்கேன் செய்து மிகப் பெரிதாகப் பெருப்பித்துக் காட்டுகிறார். வழி ஏற்கெனவே இருக்கிறது.

சரி, ஸ்கேனர். கடையில் மெல்லியதாக, மின்கம்பி இல்லாமல் யூஎஸ்பி வயரிலேயே ஓடுவதைக் காட்டி “இதுதான் புது மொடல்” என்பார்கள். அது சிஐஎஸ் வகை. கடுதாசிக்கு அருமையானது. ஆனால் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் அதில் தெளியும், சற்று உயர்ந்தாலே புகை மூட்டம். பிரிண்டரோடு சேர்ந்து வருபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். நமக்கு வேண்டியது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடியும் லென்சும் உள்ள சிசிடி வகை. தடிப்பாக, பாரமாக இருக்கும், பழையதாகவும் கிடைக்கும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுபோய்த் தட்டில் போட்டு ஸ்கேன் செய்து பாருங்கள். மேலே கிடக்கும் சாவியின் பல்லும் தெளிவாகத் தெரிந்தால் வாங்கலாம். நான் முதலில் வாங்கிய மெல்லிய பெட்டி இன்றைக்கும் வீட்டில் கரண்ட் பில் ஸ்கேன் செய்யத்தான் உதவுகிறது.

தட்டைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளித்தால் ஓரத்தால் உள்ளே இறங்கி, அடிப்பக்கம் மங்கிவிடும். எருக்கலம்பால் காய முன்னமே துடைத்துவிட வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. எனக்கு வேண்டிய இருட்டு ஊர் முழுக்க இருந்தது, கரண்ட்தான் இல்லை.

இனிக் கோப்பு. ஏஃபோர் தட்டு முழுவதையும் 1200 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 14 கோடி புள்ளி, சுமார் 400 எம்பி. ஏழு சென்ரிமீற்றர்ப் பூவை அதிலிருந்து 28 சென்ரிமீற்றருக்குத் துல்லியமாக அச்சிடலாம். அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அச்சுக்கூடமே இருக்கிறது என்று வையுங்கள். இது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. ஒரு கடை கலியாண அழைப்பு அட்டைக்கென்று என் தாமரைப் படம் ஒன்றைக் கேட்டது. தெரிந்த ஆட்கள். “தம்பி, ஒரிஜினலையே பென் ட்ரைவில போட்டுத் தாங்கோ” என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். தை பிறக்க அதே தாமரை கலண்டரில். சித்திரைக்குத் துணிப் பையில். போய்க் கேட்டபோது, “காசு தந்துதானே வாங்கினனாங்கள்” என்றார்கள். எழுத்தில் ஒரு வரி இல்லை. பிழையில் பாதி என்னுடையது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை படைப்பு உருவானதுமே வந்துவிடும். பதியத் தேவையில்லை. படைத்தவரின் ஆயுள் முழுவதும், பிறகு 70 ஆண்டும் நிற்கும். ஆனால் என்னத்தை விற்றோம், எதை விற்கவில்லை என்று காட்ட ஒரு துண்டு எழுத்து வேண்டுமே. இப்போது நான் வட்ஸ்அப்பில் நாலு விஷயம் கேட்டு எழுதி வாங்குகிறேன்: எந்தப் படம், என்ன அளவு, எதற்கு, எத்தனை பிரதி. பார்க்க அனுப்புவது 1500 புள்ளி அகலத்துக்கு மேல் போகாது. அதை 300 டிபிஐயில் அச்சிட்டால் ஐந்து அங்குலம்தான் வரும். தூசியும் எறும்பும் துடைக்காத முதல் ஸ்கேன் என் வீட்டை விட்டு வெளியே போகாது. படம் யாருடையது என்று சண்டை வந்தால் அதுதான் சாட்சி. அதை இரண்டு வேறு வீட்டில், இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கல்வெட்டுக்கு வந்த முகங்கள் என்னுடையவை அல்ல. எவ்வளவு அழகான பழைய படமாக இருந்தாலும், வீட்டாரைக் கேட்காமல் என் வேலைக்குள் இழுப்பதில்லை. ஒரு கண்காட்சிக்கு அப்படி இழுத்த ஒருவரோடு நான் கோபித்துக்கொண்டதும் உண்டு.

சுவருக்கு விற்கும் படம் என்றால், அச்சுக்குச் சாயமை வேண்டாம். எங்கள் வெயிலில் கெதியாக வெளிறும். நிறமி மையும் அமிலமில்லாப் பருத்தித் தாளும் கேளுங்கள். நான் கொழும்புக்கு அனுப்பித்தான் எடுக்கிறேன். பத்துப் பிரதி என்று இலக்கம் போட்டு விற்றால், பதினோராவது கிடையாது. மச்சான் கேட்டாலும் கிடையாது.

போன கிழமை ஒருவர் பூவரசம்பூ வரிசை முழுவதற்கும் “ஹை ரெசலூசன்” கேட்டு எழுதினார். ஏதோ விடுதி அலங்காரமாம். என் நாலு கேள்வியையும் அனுப்பினேன். வட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழுந்து நாலு நாள். பதில் இன்னும் வரவில்லை.