பிழைத்துக்கொள்ளும் பிழைகள்

"எல்லா டெஸ்டும் பாஸ் என்கிறார்கள். அப்புறம் எப்படி மென்பொருளில் பிழை வருகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

டெஸ்டிங்கில் வகைகள் நிறைய. ஒரே ஒரு ஃபங்ஷனை (நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு பகுதியை) தனியாகப் பிடித்து, இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வருகிறதா என்று பார்ப்பது யூனிட் டெஸ்ட். தனித்தனியாக ஒழுங்காக இருக்கும் பகுதிகள் சேர்ந்தால் ஒத்துப்போகின்றனவா என்பது இன்டகிரேஷன் டெஸ்ட். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயருகே தொலைந்தது இந்த மாதிரி இடத்தில்தான். தரையில் ஒரு மென்பொருள் உந்துதல் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் என்று நினைத்தது. மொத்தத்தையும் ஓட்டிப் பார்த்தால் சிஸ்டம் டெஸ்ட், புதிதாகத் திருத்தப்போய்ப் பழையது கெட்டதா என்று பார்த்தால் ரெக்ரஷன் டெஸ்ட், கூட்டம் வந்தால் தாங்குமா என்று பார்த்தால் லோடு டெஸ்ட். இவை போதும்.

ஆனால் டெஸ்டும் மனிதர் எழுதிய நிரல்தானே, அது உருப்படியானதா என்று யார் பார்ப்பது? பலரும் காட்டுவது கவரேஜ் கணக்கை: டெஸ்ட் ஓடும்போது நிரலின் எத்தனை சதவீத வரிகள் ஓடின என்ற அளவு. 100 வந்துவிட்டால் தாயத்து கட்டிக்கொண்ட தைரியம் வந்துவிடுகிறது. வரி ஓடியது என்பது வேறு, அதன் விடையைச் சரிபார்த்தோம் என்பது வேறு. எதையுமே சரிபார்க்காத டெஸ்டும் 100 வாங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வகை இங்கேதான் வருகிறது: மியூட்டேஷன் டெஸ்டிங். நிரலில் நாமே வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையைச் செருகி, டெஸ்டுகள் அதைப் பிடிக்கின்றனவா என்று பார்ப்பது. 18 வயது நிரம்பியவரை அனுமதிக்கும் நிரல் ஒன்று: வயது ≥ 18. டெஸ்ட் இரண்டு: 10 கொடுத்தால் மறுக்க வேண்டும், 30 கொடுத்தால் அனுமதிக்க வேண்டும். இரண்டும் பாஸ், கவரேஜும் 100. இப்போது பிழை செருகுவதற்கென்றே இருக்கும் கருவி '≥' என்பதை '>' ஆக்குகிறது. 10க்கு மறுப்பு, 30க்கு அனுமதி, மறுபடியும் பாஸ்! பிழை பிழைத்துக்கொண்டது. சரியாக 18 வயதுக்காரரை நிரல் திருப்பி அனுப்புவதை யாரும் கவனிக்கவில்லை. 18ஐக் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றைச் சேர்த்தால் அந்த மியூட்டன்ட், அதாவது பிழை செருகிய நிரல், பிடிபட்டுச் செத்தது. இப்படியே கூட்டலைக் கழித்தலாக்கி, ஒரு வரியை நீக்கி, நிபந்தனையைத் தலைகீழாக்கி, ஆயிரக்கணக்கில் மியூட்டன்ட்களை உருவாக்கலாம். எத்தனை செத்தன என்பதுதான் டெஸ்டுகளுக்கான மதிப்பெண்.

நிஜப் பிழைகள் இவ்வளவு எளிமையாகவா இருக்கும்? கணினி அறிவியலாளர்கள் டிமில்லோ, லிப்டன், சேவர்டு மூவரும் 1978இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வாதம் வைத்தார்கள்: சின்னப் பிழைகளை விடாமல் பிடிக்கும் டெஸ்டுகள் சிக்கலானவற்றில் பெரும்பாலானவற்றையும் பிடித்துவிடும்.

செலவுதான் வில்லன். டெஸ்டுகள் ஒருமுறை ஓட ஒரு நிமிடம், மியூட்டன்ட் 5,000 என்றால் ஏறக்குறைய மூன்றரை நாள். லிப்டன் மாணவராக இருந்தபோது, 1971இலேயே இதை யோசித்துவிட்டார். அன்றைய கணினிகளுக்கு இது கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில மியூட்டன்ட்களை யாராலும் கொல்ல முடியாது. 0இலிருந்து ஒவ்வொன்றாக ஏறும் எண்ணை '10ஐ விடக் குறைவாக இருக்கும் வரை' என்று நிறுத்தினாலும், '10 ஆகாத வரை' என்று நிறுத்தினாலும் விளைவு ஒன்றே. அது பிழையே இல்லை, வேறு வேடம். எல்லா நிரல்களிலும் இந்த வேடதாரிகளைத் தானாகவே கண்டுபிடித்துத் தரும் நிரலை எழுதவே முடியாது.

என் சொந்த நிரல் ஒன்றில் ஒரு மியூட்டன்ட் கடைசிவரை சாகவில்லை. கருவி ஒரு வரியை நீக்கியிருந்தது. ஒரு மாலை முழுவதும் அதைக் கொல்ல டெஸ்ட் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அந்த வரியையே ஒழுங்காகப் படித்தேன். அது ஆரம்பத்திலிருந்தே எந்த வேலையும் செய்யவில்லை. நானும் நீக்கிவிட்டேன்.