கால் தமனி அடைப்பு: ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

டி-டைமர் நார்மல் என்று வந்துவிட்டால் காலில் அடைப்பே இல்லை என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். டி-டைமர், உறைந்த ரத்தம் கரையும்போது ஃபைப்ரினிலிருந்து உதிரும் துணுக்கு. கால் ஆழ்சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் உள்குழாய்) ரத்தக் கட்டி இருக்கும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் முதலில் கணித்த பிறகு, அதை உறுதியாக ஒதுக்கத்தான் இந்தச் சோதனை. பொதுவான வரம்பு மில்லிலிட்டருக்கு 500 நேனோகிராம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாகக் கொள்வதும் உண்டு. சில லேப்கள் வேறு அலகில் தருகின்றன, அதில் வரம்பு ஏறக்குறைய பாதி. எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

இவை எல்லாம் சிரைக்கான கணக்கு. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் நடப்பது வேறு: பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து குழாய் சுருங்குகிறது, ஒருநாள் அந்தப் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைகிறது. பாதி சுருங்கிய தமனியோடு நடமாடுபவருக்கும் டி-டைமர் நார்மலாகவே இருக்கலாம்.

தமனி அடைப்பைத் தனியாகக் கண்டுபிடித்துச் சொல்லும் ரத்தக் குறியீடு இன்று வழக்கமான பயன்பாட்டில் இல்லை. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் போன்றவை இன்னும் ஆய்வு நிலையில்தான். ரத்தம் சொல்வது ஆபத்து எவ்வளவு என்பதை மட்டுமே. அதில் முதலிடம் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்புக்கும் ஹெச்பிஏ1சிக்கும் (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை; 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய்). லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகள் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற ஆபத்துகளை இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடுதல். ஆனால் சளி, காய்ச்சல், பல் ஈறு வீக்கம் எதுவானாலும் அது ஏறும். 10-க்கு மேல் வந்தால் அதைத் தமனிக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதே சரி. ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) சோதனைக்குப் பணம் செலவழிப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை: வைட்டமின் கொடுத்து அந்த எண்ணைக் குறைத்தாலும் மாரடைப்பு குறைவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

அடைப்பை ஆரம்பத்திலேயே பிடிப்பது ஊசி இல்லாத ஒரு சோதனை: கணுக்கால், மேல்கை ரத்த அழுத்த விகிதம், அதாவது ஏபிஐ. ஐந்து முதல் பத்து நிமிடம் மல்லாந்து படுத்த பிறகு, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கேட்கும் டாப்ளர் கருவியால் இரு கைகளிலும், ஒவ்வொரு பாதத்தின் இரண்டு தமனிகளிலும் மேல் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக, அந்தக் காலில் கிடைத்த அதிக எண்ணை, கைகளில் கிடைத்த அதிக எண்ணால் வகுக்க வேண்டும். காலில் 96, கையில் 140 என்றால் 0.69. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. நீண்டகாலச் சர்க்கரை நோயிலும் சிறுநீரகக் கோளாறிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையால் அதை அழுத்தி மூட முடியாது. எண் பொய்யாக 1.40-க்கு மேல் போகும். அதை "ரொம்ப நல்லா இருக்கு" என்று படிப்பது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.70-க்குக் கீழே இருக்கக் கூடாது.

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைச்சதை பிடித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறதா? பாதப் புண் ஆற மறுக்கிறதா? புகைப்பவரா, சர்க்கரை நோயாளியா? மருத்துவரிடம் ஏபிஐ கேட்டுப் பெறுங்கள்.

திடீரென்று ஒரு கால் வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் கதை முற்றிலும் வேறு. தமனி முழுதாக அடைபட்டால் சுமார் ஆறு மணி நேரத்தில் தசை மீள முடியாத சேதத்தை நோக்கிப் போகிறது. ரத்தத்தில் சிபிகே (தசையிலிருந்து கசியும் நொதி), பொட்டாசியம் ஏறுவது தசை சாகத் தொடங்கிய பிறகுதான்; அவை நார்மல் என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், மரத்த கால் சூட்டை உணராமல் வெந்துவிடும். காலைத் தூக்கி வைக்காமல், ரத்தநாள அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.