பி0219: எஞ்சின் ஆர்பிஎம் எல்லை மீறினால் எங்கே தேடுவது?

வண்டியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0219 என்று வந்ததும், எஞ்சினின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரைக் கழற்றி மாற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெரும்பாலும் அது வீண்செலவு. எஞ்சின் ஒரு கட்டத்தில், தயாரிப்பாளர் வகுத்த உச்ச ஆர்பிஎம்மை (நிமிடச் சுழற்சி எண்ணிக்கையை) தாண்டிச் சுழன்றதாக எஞ்சினின் கணினியான இசியு பதிவு செய்திருக்கிறது. அந்தக் குறியீட்டுக்கு இவ்வளவுதான் பொருள். ஏன் தாண்டியது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே குறியீட்டை உடனே அழிக்காதீர்கள். அழித்தால் அதனுடன் சேமிக்கப்பட்ட ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். பழுது பதிவான நொடியில் ஆர்பிஎம், வண்டியின் வேகம், திராட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) திறப்பு, கூலன்ட் வெப்பம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். முதல் மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மேனுவல் கியர் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தவறான கியர். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது கை கொஞ்சம் கூடுதலாக இடப்பக்கம் போனால் இரண்டில் விழும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், ஃபைனல் டிரைவ் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான கடைசிப் பல்சக்கர இணைப்பு) விகிதம் 4, இரண்டாம் கியர் 1.9, நான்காம் கியர் 1.0 என்று கொள்வோம். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,050 முறை சுழலும். அதை ஃபைனல் டிரைவ் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால், நான்காம் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 4,200 ஆர்பிஎம்மில் நிற்கும், இரண்டில் 8,000!

'ரெவ் லிமிட்டர் இருக்கிறதே, அது தடுக்காதா?' என்று கேட்பார்கள். ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் காக்கும் இந்த லிமிட்டரால் எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்த முடியும். ஆக்சிலரேட்டரை மிதித்து ஆர்பிஎம்மை ஏற்றினால் அது தடுக்கும். இங்கே எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள். பெட்ரோலே போகாவிட்டாலும் கிராங்க் சுழன்றுதான் ஆக வேண்டும். ஃப்ரீஸ் ஃப்ரேமில் அதிக ஆர்பிஎம், அதிக வேகம், மூடிய திராட்டில் மூன்றும் சேர்ந்திருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் நிலைம விசை, ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். எல்லை 6,400 என்றால் 8,000-இல் அந்த விசை 1.56 மடங்கு. வால்வு ஸ்பிரிங், வால்வைத் திறக்கும் கேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் போக, வால்வு மூடத் தாமதமாகி பிஸ்டனில் இடித்து வளையலாம். வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டரில் எழும் அழுத்தம்) பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் வெகுவாகக் குறைந்தால் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். காற்றுச் சத்தம் சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் அதிகமாகக் கேட்டால் பிஸ்டன் ரிங்.

திராட்டில் நன்றாகத் திறந்து, வண்டியின் வேகம் மட்டும் குறைவாக இருந்தால் கிளட்ச் வழுக்கியிருக்கலாம். மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால், அந்த வேகத்துக்கும் ஆர்பிஎம்முக்கும் எந்தக் கியரும் பொருந்தாது. சாலையில் நான்காம் கியரில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் செட்டைப் பார்க்க வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக்கில் கியர் ஆயிலின் அளவையும் கருகிய வாடையையும் பாருங்கள்.

வண்டி நின்றுகொண்டிருக்கிறது, திராட்டிலும் மூடியிருக்கிறது, பதிவான ஆர்பிஎம்மோ 9,000 என்றால் அது பொய்க்கணக்கு. கிராங்க் சென்சாரின் முறை இப்போதுதான் வருகிறது. பல வண்டிகளில் இந்தச் சென்சார் எண்ணும் பல்சக்கரத்தில் 60 பற்களுக்கான இடமும், அதில் 2 பற்கள் இல்லாத இடைவெளியும் இருக்கும். வயரின் மேலுறை தேய்ந்து மின்இரைச்சல் நுழைந்தால், இசியு அதையும் பல்லாக எண்ணிவிடக்கூடும். கூடவே கிராங்க் சென்சார் சிக்னல் கோளாறைக் குறிக்கும் பி0335, பி0336 பதிவாகியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஐடிலில் ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் கை படாமல் வயரிங்கை அசைத்துப் பாருங்கள். ஸ்கேனரில் ஆர்பிஎம் துள்ளினால் கோளாறு அங்கேதான். சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா, கனெக்டரில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பிச்சுருள் கொண்ட இரண்டு வயர் சென்சாரில் ஓம் (மின்தடை) அளக்கலாம். உள்ளே மின்னணுச் சுற்று கொண்ட மூன்று வயர் ஹால் வகையில் ஓம் அளப்பதில் பயனில்லை. மின்சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள்.

டீசல் வண்டியில் இன்னொரு ஆபத்து உண்டு. டர்போ சீல் கசிந்தாலோ ஆயில் மட்டம் மிகுந்தாலோ, எஞ்சின் தன் ஆயிலையே எரித்து வெறிபிடித்தாற்போல் சுழலும். சாவியை அணைத்தும் நிற்காமல் போகலாம். மேனுவல் வண்டி நின்றுகொண்டிருந்தால் பிரேக்கை முழுமையாக அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்தலாம். காற்று உறிஞ்சும் குழாயைக் கையால் மூடப்போகாதீர்கள். நின்றபின், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டிகளில், அதில் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் அடிக்கடி பாதியில் நின்றால் டீசல், எஞ்சின் ஆயிலில் கலந்து மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை முழுதாக இறக்கி, ஃபில்டரோடு மாற்றிவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.