சொல் விளக்கம்: பூலியன்

கணினி நிரலில் ‘ட்ரூ’ (உண்மை), ‘ஃபால்ஸ்’ (பொய்) என்ற இரண்டு மதிப்புகளை மட்டுமே ஏற்கும் தரவு வகைக்குப் பூலியன் என்று பெயர். இது ஆள் பெயரில் பிறந்த சொல். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாக 1815-இல் பிறந்த ஜார்ஜ் பூல், பட்டம் எதுவும் பெறாமலேயே அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனவர். தர்க்கத்தையும் 1, 0 என்று எழுதிக் கணக்குப் போடலாம் என்று 1847-லும் 1854-லும் வெளியிட்ட நூல்களில் காட்டினார். 1937-இல் அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் அந்தக் கணக்கை மின்சுற்றுகளுக்குப் பொருத்தினார். பின்னர் ஆல்கால் 60 என்ற நிரல் மொழியில் பூலியன் ஒரு தரவு வகையின் பெயரானது.

மதிப்புகள் இரண்டே. ஆனால் பதிவுச் செய்தியில், அதாவது நிரல் இயங்கும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் வரியில், அச்சிடும்போது நிரல் மொழிக்கு மொழி கோலம் மாறுகிறது. சி மொழியில் 1999 தரநிலைக்கு முன் இந்த வகையே கிடையாது. இன்றும் அதன் அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃபில் இதற்கெனத் தனிக் குறி இல்லை. முழு எண்ணாக 1 அல்லது 0 என்றுதான் அச்சிட முடியும். ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ என்று சொல்லாக வேண்டுமானால் நிபந்தனை போட்டு நாமே எழுதிக்கொள்ள வேண்டும். இதாவது பரவாயில்லை. பிஎச்பி மொழியில் ‘ட்ரூ’ மதிப்பை எக்கோ கட்டளையால் அச்சிட்டால் 1 வருகிறது; ‘ஃபால்ஸ்’ மதிப்புக்கு ஒன்றுமே வருவதில்லை. ‘பணம் வந்ததா:’ என்று அந்த வரி அந்தரத்தில் நிற்கும். பணம் வரவில்லையா, மதிப்பை வைத்திருக்க வேண்டிய மாறியில் மதிப்பே இல்லையா என்று பதிவுக் கோப்பைப் புரட்டுபவர் எதைக் கொண்டு அறிவார்?

இனி தமிழ். ஆள் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பூலியன் என்பதே போதும், ‘பூலிய மாறி’ என்றாலும் நன்றாக இழைகிறது. சிக்கல் மதிப்புகளில்தான். தர்க்கப் பாடத்துக்கு மெய், பொய் பொருத்தமான இணை. ஆனால் நிரலில் மெய்யெண் (புள்ளி வைத்த எண்) என்று வேறொரு வகையும் இருப்பதால் ‘மெய் வகை’ என்றால் குழப்பம் வரும். சரி, தவறு என்ற இணையைப் பதிவுச் செய்தியில் நான் ஏற்கமாட்டேன். ‘கதவு பூட்டியுள்ளது: தவறு’ என்ற வரியைப் படிப்பவர் பூட்டுக்கு என்ன கோளாறு என்றுதான் முதலில் தேடுவார்.

பதிவுச் செய்திக்கு ஆம், இல்லை என்பதே தக்க இணை. தமிழில் ‘ஆ’ விகுதி சேர்ந்தால் வினை கேள்வியாகிவிடும்: ‘கதவு பூட்டியுள்ளதா: இல்லை’. கேள்வியை மட்டும் எதிர்மறையில் அமைக்கக் கூடாது. ‘கதவு பூட்டவில்லையா: ஆம்’ என்றால் பூட்டியாயிற்று என்று ஒருவரும், பூட்டவில்லை என்று இன்னொருவரும் படிப்பார்கள்.